முதல் ஆண்டிலேயே சேருங்கள்: எல்லையோரத்தில் தொடங்கும் தொடக்கப்பள்ளி பற்றி

எங்கள் ஊரை அடுத்த குடியிருப்பில், வரும் ஜூன் மாதம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்று புதிதாகத் தொடங்கவிருக்கிறது. பொள்ளாச்சிக்கு மேற்கே கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளின் பெயராலேயே அறியப்படும் பகுதி இது. ஒரே குடும்பத்தின் வீடு கோயம்புத்தூர் மாவட்டத்திலும், தென்னந்தோப்பு பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலும் இருப்பது இங்கே யாருக்கும் வியப்பில்லை. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால், சில வாரங்களாகப் பெற்றோர் பலர் வீடு தேடி வந்து இந்தப் பள்ளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால், வர இயலாதவர்களுக்கும் எல்லைக்கு அந்தப்புறம் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், ஒரு வருசம் போகட்டுங்க, எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு அடுத்த வருசம் சேத்திக்கலாங்களா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. தன் பிள்ளையின் முதல் வகுப்பை வைத்துச் சோதனை செய்து பார்க்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆனாலும் என் பதில் ஒன்றே: காத்திருக்காதீர்கள். புதிய அரசுப் பள்ளி எப்படி நடக்கும் என்பது, முதல் ஆண்டில் எத்தனை பெற்றோர் பிள்ளைகளை அங்கே சேர்க்கிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது. எல்லோரும் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டால், அடுத்த ஆண்டு பார்ப்பதற்கு அங்கே மெலிந்துபோன பள்ளி ஒன்றே மிஞ்சும்.

இதற்கான காரணம் ஆசிரியர் எண்ணிக்கை முடிவாகும் முறையில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5 என்று வகுத்திருக்கிறது. 150க்கு மேற்பட்டால் ஐந்து ஆசிரியர்களோடு தனியே ஒரு தலைமையாசிரியரும் உண்டு. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையைக் கொண்டு பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளின் கணக்கு அதே வேலையைச் செய்கிறது. ஆகவே ஜூன் மாதத்தில் சேரும் ஒவ்வொரு குழந்தையும் அந்தக் கணக்கில் ஏறுகிறது. செப்டம்பரில் மனம் மாறிச் சேர்க்கும் குழந்தை அந்த ஆண்டுக் கணக்கில் வராது. அறுபதாவது குழந்தைக்கும் அறுபத்தோராவது குழந்தைக்கும் இடையே ஓர் ஆசிரியர் நிற்கிறார் என்பதை நம் ஊர்க் கூட்டத்தில் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

குறையும்போது என்ன நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள் இருந்தாலும், எண்ணிக்கை மிகக் குறைந்த பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியாக வேறு பள்ளிக்கு அனுப்பிவிட அலுவலகத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. எஞ்சிய ஒருவர் பாடமும் நடத்தி, பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் விவரங்களையும் ஏற்றி, கூட்டங்களுக்கும் போக வேண்டியிருக்கும். அவர் விடுப்பு எடுக்கும் நாளில் பள்ளியே தத்தளிக்கும். இதைப் பார்த்து மேலும் சிலர் பிள்ளைகளை மாற்றுவார்கள். இவ்வாறு படிப்படியாகக் கரைந்து, ஒரு மாணவர்கூட இல்லாமற்போன பள்ளிகள் சிலவற்றை 2019இல் அரசு நூலகங்களாக மாற்றியது. நடந்துபோகும் தொலைவில் ஒரு பள்ளி வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகள் மனு கொடுத்த குடியிருப்பு இது. கிடைத்ததை நம் தயக்கத்தால் இழந்துவிடக் கூடாது.

இனி, இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை எப்படி நடத்துவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். தனியார் பள்ளியில் வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியை என்று பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து அமர்ந்திருப்பதைக் கண்டதும் மனம் சுருங்குகிறது. ஈராசிரியர் பள்ளி என்றால் அப்படித்தான் இருக்கும்; இதை மறைத்துச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் கலந்து உட்கார்வதே குறை என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2022–23ஆம் கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதில் குழந்தைகளை வகுப்பைக் கொண்டு மட்டும் பிரிக்காமல், அவர்கள் எந்த நிலையில் படிக்கிறார்கள் என்பதைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக்கினார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளை அரும்பிலும், இரண்டாம் வகுப்பிலேயே சரளமாக வாசிக்கும் பிள்ளை மலரிலும் இருக்கலாம். உங்கள் பிள்ளை அரும்புக் குழுவில் இருக்கிறது என்று தெரிந்தால் அதை அவமானமாகக் கொள்ளாதீர்கள், வீட்டில் அதைச் சொல்லித் திட்டவும் செய்யாதீர்கள். எந்த இடத்தில் தடை இருக்கிறது என்பதை ஆசிரியர் கண்டுகொண்டார் என்பதே அதற்குப் பொருள்.

ஈராசிரியர் பள்ளியில் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆசிரியர் ஒரு குழுவுக்குக் கற்பிக்கும் நேரத்தில் மற்றக் குழந்தைகளின் கையில் என்ன வேலை இருக்கிறது? வாசிப்பு அட்டையோ, பயிற்சி நூலோ, மணிகளோ, குச்சிகளோ இருந்தால் அந்த வகுப்பு உயிரோடு இருக்கிறது. சும்மா கைகட்டி உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் வீணாகிறது. கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். மாதத்துக்கு ஒருமுறையாவது ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். சண்டை பிடிக்கும் முகத்தோடு போகாமல், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கும் முகத்தோடு போனால், எந்த ஆசிரியரும் மனம் திறந்து பேசுவார்.

கட்டடம் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. புதிய பள்ளிகள் பலவும் முதலில் சமுதாயக் கூடத்திலோ அங்கன்வாடியை ஒட்டிய அறையிலோ தொடங்கி, பின்னர்தான் சொந்தக் கட்டடத்துக்குப் போகின்றன. எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர், சக்கர நாற்காலியும் ஏறக்கூடிய சாய்தளம் ஆகியவற்றைச் சட்டத்தின் அட்டவணை உரிமையாகவே தருகிறது. இவற்றில் கழிப்பறையும் தண்ணீரும் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாதவை. மற்றவற்றுக்குக் கால அவகாசம் கொடுக்கலாம். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வீசும் காற்றும் சாரலும் எப்படி என்பது நமக்குத் தெரியும். ஆகவே தகரக் கூரை போட்ட இடமாக இருந்தால் அதன் கட்டுமானத்தை ஒன்றியப் பொறியாளர் பார்த்தாரா என்று பள்ளி திறப்பதற்கு முன்பே கேளுங்கள். பள்ளிக்குப் போகும் வழியில் வாய்க்கால் குறுக்கிடுகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாட்களில் சிறுபிள்ளைகள் தனியாகக் கடக்கக் கூடாது. பெரியவர்கள் முறைவைத்து அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை முதல் வாரத்திலேயே செய்துகொள்வது நல்லது.

சோற்றைப் பற்றியும் சலுகைகளைப் பற்றியும் பெரும்பாலோர் அறிந்திருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காமராசர் முதல்வராக இருந்தபோது 1956இல் பரவலான மதிய உணவும், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவும் நம்மில் பலரைப் பள்ளிக்கு இழுத்துவந்தவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாக ஏதாவது ஒன்று சாம்பாருடன் கிடைக்கும். விடியுமுன் தோப்பு வேலைக்கு வண்டி ஏறிவிடும் தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பாடநூல், குறிப்பேடு, சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் இலவசம். எந்தப் பெயரிலும் கட்டணமோ நன்கொடையோ கேட்கக் கூடாது. புதிய பள்ளியில் நீங்கள் உறுதிசெய்ய வேண்டியது, சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் நியமிக்கப்பட்டுவிட்டார்களா, அல்லது பக்கத்துப் பள்ளியில் சமைத்துக் கொண்டுவருவதாக ஏற்பாடா என்பதைத்தான். கொண்டுவருவதானால் எந்த நேரத்துக்கு, எந்த வண்டியில் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லையோரக் குடும்பங்களுக்கே உரிய சிக்கல்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ அச்சிடப்படும் எந்தத் துண்டறிக்கையிலும் இவை இருப்பதில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் முதலமடைப் பக்கமும் இருக்கும் நம் உறவினர்கள் சிலர், பிள்ளைகளை இந்தப் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்கிறார்கள். முதலில் வகுப்பு அடுக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கேரளத்தில் எல்.பி. (லோயர் பிரைமரி) பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்து, யு.பி. (அப்பர் பிரைமரி) பள்ளி ஐந்து முதல் ஏழு வரை நடக்கிறது. உயர்நிலைப் பள்ளி எட்டில் தொடங்குகிறது. நம்மிடம் தொடக்கப்பள்ளி ஐந்து வரை, நடுநிலை எட்டு வரை. ஆகவே அங்கே நான்கு முடித்த பிள்ளை இங்கே சேர்ந்தால், ஐந்தாம் வகுப்பை மட்டும் இந்தப் பள்ளியில் படித்துவிட்டு மறு ஆண்டே வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு இடமாற்றம் பிஞ்சு மனத்துக்குப் பாரம். ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ மாற்றுவது பாரத்தைக் குறைக்கும். நான்கு முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்பும் உள்ள நடுநிலைப் பள்ளியில் நேரடியாகச் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

மாற்றுச் சான்றிதழ் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, மாநிலத்துக்குள்ளும் மாநிலத்துக்கு வெளியிலும் மற்றொரு பள்ளிக்கு மாறிச் செல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. தலைமையாசிரியர் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும்; தாமதித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் வரவில்லை என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளியும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. அந்தப்புறத்திலிருந்து சான்றிதழ் மலையாளத்தில் வந்தாலும் கலங்க வேண்டாம். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ளதுபோலவே இருக்கின்றனவா என்பதை மட்டும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். தந்தை பெயரின் முதலெழுத்து, வீட்டுப் பெயர் என்று இரு மாநிலங்களிலும் பெயர் எழுதும் வழக்கம் மாறுபடுவதால், பத்தாம் வகுப்பில் பெரும் அலைச்சலைக் கொடுக்கும் பிழைகள் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில்தான் பிறக்கின்றன.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்ற தகுதி மாநில வாரியாக வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழைக் கொண்டு மறு மாநிலத்தின் இட ஒதுக்கீட்டைப் பெற முடியாது. எல்லையின் இரு புறமும் வாழும் எரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் இதனால் படும் அல்லல் சிறிதன்று. பிள்ளையின் குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அதற்கேற்பச் சான்றிதழைப் பள்ளிப் பருவத்திலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். ஆனால் சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சேர்க்கை வேறு, சான்றிதழ் வேறு.

பின்னால் வரும் சலுகைகளையும் இப்போதே யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்ததை அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே தொடக்கப்பள்ளி எந்த மாநிலத்தில் என்பது இவற்றைத் தடுக்காது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பக்கம் போகிறோம் என்பதுதான் கேள்வி. இடையில் ஓரிரு ஆண்டுகள் பாட்டி வீட்டில் இருந்து அந்தப்புறம் படிக்கட்டும் என்று அனுப்பும் பழக்கம் நம் பகுதியில் உண்டு. ஆறாம் வகுப்புக்குப் பின் அப்படி அனுப்பும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி வகுப்புகள் இருக்கின்றன, கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிட்டுத் தருகிறது, தமிழ்வழி ஆசிரியர்களைத் தேர்வாணையத்தின் மூலம் தனியே தேர்ந்தெடுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி தரும் ஏற்பாட்டை மாநிலங்களின் கடமையாகச் சொல்கிறது. அங்கே உங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு நன்றாக நடக்கிறது என்றால், புதுப் பள்ளியின் மோகத்தில் அதைக் காலிசெய்துவிட்டு வராதீர்கள். நான் இந்தப் பள்ளியில் பிள்ளைகள் நிறைய வேண்டும் என்று விரும்புகிறவள்தான். ஆனால் அந்தத் தமிழ்ப் பிரிவில் எண்ணிக்கை குறைந்தால் அங்கே ஒரு தமிழாசிரியர் பணியிடம் போய்விடும். பின்னர் அதை மீட்பது எளிதன்று. நடந்து வரும் தொலைவில் தமிழ்வழிப் பள்ளி அங்கே இல்லாதவர்கள் வரட்டும். எல்லைக்கு அப்பால் வீடு என்பதற்காக நம் பக்கத்து அரசுப் பள்ளி எதுவும் குழந்தையைத் திருப்பி அனுப்பியதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

மறுபக்கமும் உண்டு. நம் பக்கத்திலேயே வீட்டில் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. தென்னைநார் ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆலை வளாகத்திலேயே பகல் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் இந்தப் பள்ளியில் முழு உரிமை உண்டு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, பின்தங்கியதை ஈடுசெய்யத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. பக்கத்து ஆலையில் அப்படிப் பிள்ளைகள் இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், ஆலை உரிமையாளரிடமும் பேசுங்கள். வடக்கத்திப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் நம் பிள்ளையின் தமிழ் கெட்டுப்போகும் என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது வருத்தமாக இருந்தது. விளையாட்டிடத்தில் நம் பிள்ளைகளிடமிருந்துதான் அந்தப் பிள்ளைகள் தமிழைக் கற்கிறார்கள். ஆசிரியர் ஆறு மாதத்தில் கற்றுத் தருவதை அவர்கள் ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

மலையாளம் பேசும் வீட்டார்க்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே பாடமொழிகள். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டுமானால் அதை வீட்டில்தான் கற்பிக்க வேண்டியிருக்கும். பாட்டியிடம் நாளொன்றுக்கு அரைமணி நேரம் உட்காரவைத்தாலே போதும்.

ஆங்கிலவழி உண்டா என்று கேட்காத பெற்றோர் இல்லை. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் படிப்படியாகத் தொடங்கப்பட்டன. ஆனால் இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பிரித்தால் ஐந்து வகுப்பு பத்து வகுப்பாகிவிடும். பெயருக்கு ஆங்கிலவழி இருக்கும், கற்பித்தல் இரண்டிலும் நீர்த்துப்போகும். தாய்மொழியில் வாசிக்கக் கற்ற பிள்ளை ஆங்கிலத்தைப் பின்னர் பற்றிக்கொள்ளும் என்பதை என் வகுப்புகளில் ஆண்டுதோறும் கண்டேன். இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. ஆங்கிலவழி கேட்டு மனு எழுதுவதற்குப் பதிலாக, ஆங்கிலப் பாடத்தை ஒவ்வொரு நாளும் தவறாமல் நடத்துகிறார்களா, பிள்ளைகள் வாய்விட்டுப் பேசுகிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பலன் அதிகம்.

இத்தனைக்கும் மேலாக நான் வற்புறுத்துவது பள்ளி மேலாண்மைக் குழுவை. சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் பணிகள். பழைய பள்ளிகளில் இந்தக் குழு ஏற்கெனவே யாருடைய கையிலோ போயிருக்கும். புதிய பள்ளியில் அது இனிமேல்தான் அமைய வேண்டும், முதல் கூட்டத்துக்கு யார் வருகிறார்களோ அவர்களே அதை அமைப்பார்கள். கூட்ட நாளில் தோப்பு வேலைக்குப் போய்விட்டு, பின்னர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இங்கே வேண்டாம். ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ வேலைநாளின் மாலையிலோ வைக்கும்படி தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்கிறேன்.

அந்த முதல் கூட்டத்தில் கேட்க வேண்டியவை என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். இரண்டு ஆசிரியர்களும் இப்பள்ளிக்கே நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர்களா, வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் வந்தவர்களா? மாற்றுப்பணி என்றால் எந்தத் தேதி வரை? பள்ளிக்கென்று தனி எண்ணும் எமிஸ் கணக்கும் உருவாகிவிட்டனவா? அவை இல்லாவிட்டால் பாடநூலும் சீருடையும் வந்து சேர்வதில் தடை ஏற்படும். சொந்தக் கட்டடத்துக்கான நிலம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் பள்ளியின் பெயருக்கு மாறிவிட்டதா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் நிலப் பத்திரம் சரியில்லாமல் கட்டட நிதி திரும்பிப்போன கதைகள் எல்லா ஒன்றியத்திலும் உண்டு. பதில் திருப்தியாக இல்லையென்றால் தீர்மானமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம், கிராமசபையிலும் வைக்கலாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராமசபை நாட்கள் பள்ளி ஆண்டின் முன்னும் பின்னுமாக அமைந்திருப்பது நமக்கு வசதி.

அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்சு எடுங்க டீச்சர்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். பாசத்தால் சொல்வதுதான், ஆனால் சொல்லாதீர்கள். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால், ஒரு வாரம் தொடர்ந்து காலையில் வயிற்றுவலி என்றால், அமைதியாகக் காரணம் கேளுங்கள். முதலில் ஆசிரியரிடமும், பின்னர் மேலாண்மைக் குழுவிடமும் பேசலாம். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098 எண்ணும் இலவசமானவை.

காது மந்தமோ, பார்வைக் குறையோ, நடப்பதில் சிரமமோ உள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் இரண்டை எனக்கு இந்தக் குடியிருப்பில் தெரியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு அவர்கள் வர வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். தயவுசெய்து அந்தப் பிள்ளைகளை முதலில் சேருங்கள்.

சேர்க்கைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பது எளிது. ஐந்து வயது நிறைந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, இருந்தால் சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி போடாமல் இருந்தால் பள்ளி திறக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் பிள்ளையை மட்டும் அழைத்துக்கொண்டு வாருங்கள். காகிதங்கள் பின்னால் வரலாம். அங்கன்வாடிப் பணியாளரிடம் இந்த ஆண்டு வெளியேறும் பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மே மாதக் கடைசி வாரத்தில் வீடு வீடாகப் போகவிருக்கிறோம். உடன் வர விரும்பும் தாய்மார்கள் மாலை வேளையில் எங்கள் வீட்டுக்கு வந்து பெயர் கொடுக்கலாம்.